ஓடுகிறது

ஊருக்குப் பெயர் ஸ்விஃப்ட் கரண்ட்.
கரண்ட் என்றால் இங்கே ஓடையின் நீரோட்டம்.
வந்து பதினேழு வருஷம் ஆகியும்
பெயர்ப்பலகையைப் பார்த்தால் எனக்கு
மின்சார வாரியம்தான் ஞாபகம் வருகிறது.

ஞாயிறு. மெனோனைட் சர்ச்சின் பேஸ்மென்ட்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
சுவரிலிருந்து ஆளுக்கொரு வயர் இழுத்து
கரண்ட் குடித்துக்கொண்டு நிற்கின்றன கார்கள்.
உள்ளே காபி, உருளைக்கிழங்கு சாலட்,
திரையில் நான் எடுத்துவந்த படங்கள்.

இந்தச் சபை ஆள் இல்லை நான்.
ஊர் ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன்.
டிக்கெட் எடுத்துத் தந்தார்கள், போனேன்.
மூன்று வாரம். மலாவியின் வடக்கே,
தார் ரோடு முடிந்த பிறகும் நாலு மணி நேரம்.

முதல் படம்: செங்கல் சுவர், தகரக் கூரை,
வராந்தா நிறைய உட்கார்ந்திருக்கும் பெண்கள்.
கைதட்டுகிறார்கள்.
இரண்டாவது: சிஸ்டர் தோக்கோசானி, இடுப்பில் சாவிக்கொத்து.
அதற்கும் கைதட்டல்.
மூன்றாவது படத்தைத் தாண்டிப் போனேன்.

அந்தக் கொத்தில் தடித்த சாவி ஒன்று இருந்தது.
"காணிக்கை அறை" என்று சொல்லித் திறந்தாள்.
எக்ஸ்ரே மெஷின் இரண்டு, இன்குபேட்டர் நாலு,
என்னவென்று எனக்கே விளங்காத ஏதோ ஒன்று.
நூற்றிருபது வோல்ட்டுக்குப் பிறந்து
இருநூற்று முப்பதில் கருகிப்போனவை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் பித்தளைத் தகடு:
இன்னார் நினைவாக, அன்புடன்.
ஒரு இன்குபேட்டருக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
அந்த அறையில் வேலை செய்தது அது ஒன்றுதான்.

என்ன அனுப்பச் சொல்லட்டும் என்று கேட்டேன்.
"கையுறை. சைஸ் ஆறரை.
எல்லாரும் எட்டு அனுப்புகிறார்கள்.
எங்களுக்கெல்லாம் பெரிய கை என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல."

கடைசியில் சுவரோரம் ஒரு ஆக்சிஜன் மெஷின்,
கால் மடக்கிய மாடு மாதிரி தரையோடு தரையாக.
தகட்டில்: கொர்னேலியஸ் பென்னர்.
சக்கரம் நாலும் இல்லை.
கழற்றியது வாட்ச்மேன் விட்னஸ்.
இரும்புக் கட்டிலுக்கு அடியில் மாட்டியிருந்தான்.
அதற்கு முன்பு பிரசவ அறையிலிருந்து தியேட்டருக்கு
நாலு பேர் தூக்கிப் போவார்களாம்.
நாலு பேர் தூக்குவது
எங்கள் ஊரில் வேறு விஷயம்
என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய் ராத்திரி, மழை, டார்ச் வெளிச்சம்.
நானும் பிடித்துத் தள்ளினேன் அந்தக் கட்டிலை.
என் மணிக்கட்டைப் பற்றியிருந்தவள் பெயர் தெரியாது.
வழி முழுக்கச் சக்கரம் கீச்சென்றது.
கதவை மூடினார்கள். வெகு நேரம்.
பிறகு ஒரு அழுகை, சின்னது.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விளக்குப் போட்டாயிற்று.
வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தார்
எல்ஃப்ரீடா பென்னர், வயது எண்பத்தெட்டு.
"எங்கள் கோர்னியின் மெஷினைப் பார்த்தாயா?
ஓடுகிறதா?"

காபியில் ஆடை படிந்திருந்தது.
ஸ்பூனால் ஒதுக்கினேன், கொஞ்சம் கூடுதல் நேரமாகவே.

"ஓடுகிறது."

"இன்னும் சத்தம் போடுகிறதா?"

"போடுகிறது. எண்ணெய் விடச் சொல்லி எழுதுகிறேன்."

"ஐயோ, வேண்டாம்.
இரண்டு வருஷம் அதைக் கேட்டுத்தான் தூங்கினேன்.
சத்தம் வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.
அப்படியே விடச் சொல்."

மாடிப்படியில் பாஸ்டர் மடக்கிப் பிடித்துக்கொண்டார்.
மே மாதம் அடுத்த கன்டெய்னராம்.
ரெஜைனாவில் ஒருவர்
டயாலிசிஸ் மெஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.
அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.
நாளைக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன்.
என்ன சொல்வது என்பது நாளைப் பாடு.

காரின் வயரைப் பிடுங்க வரவில்லை, உறைந்திருந்தது.
கையுறையைக் கழற்றிவிட்டு இழுத்தேன்.
விரல்களில் ஊசி இறங்கியது.
உள்பக்கத் துணியில் எண்ணைப் பார்த்தேன்:
எட்டு.